நூலக அளவியல் கண்ட அரங்கநாதன்

முன்னுரை

புதுச்சேரி நகரின் வடமேற்கே அமைந்த பகுதி லாஸ்பேட்டை எனப்படும். போரினால் பாழ்பட்டுக் கிடந்த புதுச்சேரியை 1765 ஆம் ஆண்டில் மீளப்பெற்றுப் புதுக்கிய பிரெஞ்சு ஆளுநர் ழான் லா தெ லொரிஸ்தோன் ஆவார். அவர் பெயரில் உள்ள லா என்னும் சொல்லே இப்பேட்டைக்குப் பெயராயிற்று என்பர். கவிஞர் இரவீந்திரநாத தாகூரின் நூற்றாண்டு நினைவாக 1961 ஆம் ஆண்டில் தோன்றிய தாகூர் கலைக் கல்லூரி இங்கே உள்ளது. வேறு பல கல்விக்கூடங்களும் இதனைச் சூழ அமைந்திருத்தலால், காலையில் இவ்வூர்த் தெருக்களில் நூலேந்திய கைகளையே மிகுதியாகக் காணலாம்.

நம் நாட்டுக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து சான்று அளித்தற்கென 1994 ஆம் ஆண்டில் தேசியத் தர மதிப்பீட்டுக் குழு நிறுவப்பெற்றது. அக்குழு கல்லூரிகளை நோக்கி எழுப்பும் வினாக்கள் பல. நூலகத்தை நாள்தோறும் எத்துணைப் பேர் பயன்படுத்துகின்றனர்? ஆசிரியர்கள் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் எத்துணை? அக்கட்டுரைகளைப் பிற அறிஞர் எடுத்தாண்டது எத்துணை முறை? இவை போன்ற வினாக்களுக்கு எண்களாலேயே விடை கூறவேண்டும். அவ்வெண்களைத் திரட்டித் தரும் பொறுப்புப் பெரும்பாலும் நூலகர்களையே சாரும்.

அறிவை எண்ணால் அளக்க இயலுமா? இயலுமெனின், அவ்வளவு எதற்குப் பயன்படல் வேண்டும்? இவ்வினாக்களை நம் நாட்டில் முற்படச் சிந்தித்து, நூலகத்தை அளக்கும் கலைக்கு ஒரு பெயரும் சூட்டியவர் சீர்காழியிற் பிறந்த தமிழர் ஒருவர். அவரே நூலக இயலின் தந்தை எனப் போற்றப்பெறும் அரங்கநாதன் ஆவார்.

பிறப்பும் இளமையும்

திருஞானசம்பந்தர் தோன்றிய திருத்தலம் சீர்காழி. அவ்வூரில் 1892 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இராமாமிர்த ஐயருக்கும் சீதாலட்சுமி அம்மையாருக்கும் மகனாக அரங்கநாதன் பிறந்தார். தந்தையார் நிலம் உடையவர். இராமாயணக் கதையை ஊரார்க்கு விரித்துரைப்பதில் ஈடுபாடு மிக்கவர். அரங்கநாதனுக்கு ஆறு வயது நிரம்பியபோது அத்தந்தையார் இயற்கை எய்தினார். இளமையிலேயே தந்தையை இழந்த சிறுவர், தாயாரின் அரவணைப்பில் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் கற்றுத் தேறினார்.

இளமை தொட்டே அவருக்குத் திக்குவாய் என்னும் குறை இருந்தது. ஆசிரியராக விரும்பும் ஒருவர்க்கு இதனினும் பெரிய தடை வேறு இல்லை. எனினும் அவர் உள்ளம் தளர்ந்தாரல்லர். இடைவிடாத பயிற்சியினால் அக்குறையை மெல்ல மெல்ல வென்றார். பிற்காலத்தில் உலக அறிஞர் கூடிய அவைகளில் மணிக்கணக்காக உரையாற்றும் ஆற்றல் பெற்றார்.

கல்லூரிக் கல்வி

உயர்கல்வி பெறுதற்குச் சென்னை வந்த அரங்கநாதன், கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதமே அவர் விரும்பிக் கற்ற பாடம். 1913 ஆம் ஆண்டில் இளங்கலைப் பட்டமும், 1916 ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கே கணிதப் பேராசிரியராக விளங்கியவர் எட்வர்டு ராஸ் என்னும் அறிஞர். மாணவரிடத்து அன்பும், பாடத்தில் ஆழமும் ஒருங்கே வாய்ந்தவர் அவர். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே தோன்றிய அன்பு, கல்லூரி வாழ்வோடு முடிந்துவிடவில்லை. அது பின்னொரு நாளில் நூலக இயலுக்கே ஒரு முதல் விதியைத் தந்தது.

பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயின்று, 1917 ஆம் ஆண்டு முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களின் அரசினர் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் பணியாற்றிய ஆண்டுகள் அவர்க்கு இன்பம் பயந்தவை. மாணவரைத் தாமே சிந்திக்கச் செய்து, அவர்தம் வாயிலிருந்தே விடையை வரவழைக்கும் முறையை அவர் கையாண்டார். ஆசிரியத் தொழிலே தம் வாழ்நாள் தொழில் என அவர் எண்ணியிருந்தார்.

நூலகப் பொறுப்பு

அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்திற்கு ஒரு நூலகரைத் தேடியது. ஊதியம் நல்லதாக இருந்தமையின் 900 பேர் வரையில் விண்ணப்பம் செய்தனர். நண்பர்களின் தூண்டுதலால் அரங்கநாதனும் விண்ணப்பித்தார். நூலகத்தைப் பற்றி அவர் முன்னரே அறிந்தது ஒன்றும் இல்லை. நேர்காணலுக்குச் சில நாட்களுக்கு முன்பு கலைக்களஞ்சியம் ஒன்றில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு சென்றார் என்பர். எனினும் அவரே தேர்ந்தெடுக்கப்பெற்று, 1924 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார்.

பதவி கிடைத்தது, மகிழ்ச்சி கிடைக்கவில்லை. மாணவர் குழுவிடையே பழகிய அவர்க்கு, ஆளரவமற்ற நூலகம் பாலைவனமாகத் தோன்றியது. நூல்கள் அடுக்கிலே உறங்கின. படிப்பவரோ மிகச் சிலரே வந்தனர். நாள் முழுதும் வாளா அமர்ந்திருத்தல் அவர்க்குச் சிறைவாசம் போலாயிற்று. ஒரு வாரம் கழியுமுன்னரே அவர் மாநிலக் கல்லூரிக்கு விரைந்து, மீண்டும் தம்மை ஆசிரியப் பணியிற் சேர்த்துக்கொள்ளுமாறு முதல்வரை வேண்டினார். இங்கிலாந்து சென்று நூலகக் கலை பயின்றுவருமாறும், அதன் பின்னரும் மனம் பொருந்தவில்லையாயின் கல்லூரிக்குத் திரும்பலாம் என்றும் முதல்வர் அறிவுரை கூறினார். அரங்கநாதனும் உடன்பட்டார். அந்த அறிவுரை வாய்த்திராவிடின் நாடு ஒரு நல்ல கணித ஆசிரியரைப் பெற்றிருக்கும். ஆனால் நூலக இயலின் தந்தையை இழந்திருக்கும்.

இங்கிலாந்துப் பயணம்

1924 ஆம் ஆண்டில் அரங்கநாதன் இலண்டன் நகர் சேர்ந்து, அங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பயின்றார். குரோய்டன் நகர நூலகத்தின் தலைவராகிய பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். வகுப்பறையில் கற்றதோடு அமையாது, நாடெங்கும் சென்று நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை அவர் கண்டுவந்தார்.

அங்கே அவர் கண்ட காட்சி அவர் உள்ளத்தை மாற்றியது. அந்நாட்டில் நூலகம் கற்றோர்க்கு மட்டும் உரிய இடமாக இல்லை. தொழிலாளரும் சிறுவரும் பெண்டிரும் அங்கே உரிமையோடு நுழைந்தனர். ஊரின் உயர்வுக்கு நூலகம் ஒரு கருவியாக விளங்கியது. சென்னையில் தமக்குச் சலிப்பூட்டிய அதே தொழில், ஒரு நாட்டையே உயர்த்த வல்லது என்னும் உண்மையை அரங்கநாதன் உணர்ந்தார்.

எனினும் ஒரு குறை அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்து அடுக்கும் முறை நூலகத்திற்கு நூலகம் வேறுபட்டிருந்தது. புதிதாகத் தோன்றும் துறைகளுக்கு அம்முறைகளில் இடம் இல்லை. இதற்கு வழி யாது என அவர் எண்ணிய வண்ணம் இருந்தார். ஒரு நாள் இலண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகியவற்றை மாற்றி மாற்றி இணைத்துப் பலவேறு பொம்மைகளை அதனால் ஆக்கலாம். ஒரு பொருளைப் பற்றிய கருத்தையும் இவ்வாறே சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைக்கலாம் அன்றோ என்னும் எண்ணம் அவர்க்கு உதித்தது. கூறுகளை இணைத்தற்கு முக்காற்புள்ளி என்னும் குறியை அவர் தேர்ந்தார். அதுவே கோலன் பகுப்பு முறை எனப் பின்னர் உலகப் புகழ் எய்தியது. விளையாட்டுப் பொருளிலும் விழுமிய உண்மையைக் காண்பது அறிஞர் இயல்பு.

சென்னையில் செய்த சீர்திருத்தம்

1925 ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய அரங்கநாதன் ஆசிரியப் பணியை மீண்டும் வேண்டவில்லை. உறங்கிய நூலகத்தை எழுப்பும் பணியில் முனைந்தார். பூட்டிய அலமாரிகள் திறக்கப்பெற்றன. படிப்பவர் தாமே அடுக்கினிடையே சென்று நூல்களை எடுத்துப் பார்க்க உரிமை பெற்றனர். நூலகம் திறந்திருக்கும் நேரம் நீட்டிக்கப்பெற்றது. வருவோர்க்கு வேண்டிய நூலைத் தேடித் தந்து துணைபுரியும் பணியாளர் அமர்த்தப்பெற்றனர். 1936 ஆம் ஆண்டில் கடற்கரை அருகே நூலகத்திற்கெனத் தனிக் கட்டடம் அமைந்தது.

அவர் உழைப்பு வியத்தற்குரியது. இருபது ஆண்டுகள் அவர் விடுமுறை எடுத்துக்கொண்டாரல்லர். தம் மணநாளிலும் சடங்கு முடிந்தபின் நூலகத்திற்கு வந்து பணியாற்றினார் என்பர். எளிய கதராடையும், எளிய உணவும் அவர்க்குப் போதுமானவை.

1928 ஆம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கம் அவர் முயற்சியால் தோன்றியது. நூலக இயக்கம் நகரங்களைக் கடந்து சிற்றூர்களையும் தொட்டது. 1931 ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர்தோறும் கொண்டு சென்றனர். படிப்பவர் நூலைத் தேடிவர இயலாதபோது, நூல் படிப்பவரைத் தேடிச் சென்றது. இவ்வியக்கத்தின் பயனாக 1948 ஆம் ஆண்டில் சென்னை மாகாணப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது எனப் போற்றப்பெறுகின்றது.

ஐந்து விதிகள்

இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் விதிகள் உண்டு. நூலகப் பணிக்கும் அத்தகைய அடிப்படை விதிகள் இருத்தல் வேண்டும் என்பது கணிதம் கற்ற அரங்கநாதனின் துணிபு. எத்துணையோ நாட்கள் சிந்தித்தும் அவற்றை வகுக்க இயலாமல் அவர் வருந்தினார். 1928 ஆம் ஆண்டில் ஒருநாள் தம் பழைய ஆசிரியர் ராஸ் அவர்களைக் கண்டபோது தம் இடர்ப்பாட்டை எடுத்துரைத்தார். நூல்கள் இருப்பது பயன்கொள்வதற்கே என்னும் கருத்தை அவ்வாசிரியர் சுட்டிக்காட்டினார். கணிதத் தேற்றத்தின் முதல் அடி கிடைத்தாற்போல, அதனின்றும் ஏனைய நான்கும் வரிசையாகப் பிறந்தன.

நூல் பூட்டிக் காத்தற்கு உரியதன்று, பயன்கொள்ளுதற்கே உரியது என்பது முதல் விதியின் கருத்து. படிக்க விரும்பும் எவர்க்கும், அவர் செல்வராயினும் வறியராயினும், அவர்க்கேற்ற நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. அடுக்கில் உள்ள எந்த நூலுக்கும் அதனை விரும்புவார் ஒருவர் எங்கேனும் இருப்பார், அவரைத் தேடிச் சேர்த்தல் நூலகத்தின் கடன் என்பது மூன்றாவது. படிப்பவரின் காலம் வீணாதல் கூடாது என்பது நான்காவது. நூலகம் உயிருள்ள பொருள் போல வளர்ந்துகொண்டே இருக்கும் இயல்பினது என்பது ஐந்தாவது. 1931 ஆம் ஆண்டில் இவ்விதிகள் நூலாக வெளிவந்தன. 1933 ஆம் ஆண்டில் கோலன் பகுப்பு முறையும், 1934 ஆம் ஆண்டில் நூற்பட்டி விதிகளும் அச்சேறின.

நூலக அளவியல்

ஐந்து விதிகளையும் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். நூல் பயன்படுகின்றது என எவ்வாறு அறிவது? படிப்பவர் காலம் வீணாகவில்லை என எவ்வாறு துணிவது? இவற்றிற்கு விடை காண எண்ணிக்கை இன்றியமையாதது. எந்த மணி நேரத்தில் எத்துணைப் பேர் வருகின்றனர், எத்துறை நூல்கள் எத்துணை முறை இரவலாகச் செல்கின்றன, ஒரு நூலைப் பெறுவதற்கு ஒருவர் எத்துணை நேரம் காத்திருக்கின்றார் என்பன போன்றவற்றை முறையாக எண்ணி, கணக்கியலின் துணையால் ஆராய்தல் வேண்டும். உயிரியலை அளக்கவும் பொருளியலை அளக்கவும் தனித்தனிக் கலைகள் தோன்றியிருத்தல் போல, நூலகத்தை அளக்கவும் ஒரு கலை வேண்டும் என அரங்கநாதன் கருதினார்.

1945 ஆம் ஆண்டில் சென்னைப் பணியினின்றும் விலகிய அவர், பேரறிஞர் இராதாகிருட்டிணன் துணைவேந்தராக விளங்கிய காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கு அழைக்கப்பெற்றார். அங்கே ஏறத்தாழ ஓரிலட்சம் நூல்களைத் தாம் ஒருவராகவே பகுத்து ஒழுங்குபடுத்தினார். பின்னர் 1947 ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் சென்றார். 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள லெமிங்டன் என்னும் நகரில் நூலகத் துறை அறிஞர்களின் மாநாடு ஒன்று கூடியது. அதில்தான் நூலக அளவியல் என்னும் புதிய கலை வளர்தல் வேண்டும் என அவர் எடுத்துரைத்து, அதற்கு லைப்ரமெட்ரி எனப் பெயரும் சூட்டினார்.

இக்கலையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கல்லூரி நூலகத்தில் வரலாற்று நூல்கள் 200 இருப்பதாகவும், அவை ஓராண்டில் 100 முறை இரவலாகச் சென்றதாகவும் கொள்வோம். வேதியியல் நூல்கள் 50 இருந்து, அவை 400 முறை சென்றதாகவும் கொள்வோம். வேதியியல் நூல் ஒன்று ஆண்டுக்கு எட்டு முறை கைமாறுகின்றது. வரலாற்று நூலோ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் அடுக்கினின்றும் இறங்குகின்றது. வேதியியல் மாணவர் நூல் கிடையாமல் காத்து நிற்கின்றனர் என்பதை முதல் எண் உணர்த்துகின்றது. ஆகவே அத்துறைக்கு மேலும் நூல்கள் வாங்குதல் வேண்டும்.

ஆனால் இரண்டாம் எண் உணர்த்துவது யாது? வரலாற்று நூல்கள் பயனற்றவை என்பதா? அன்று. மூன்றாம் விதியின்படி ஒவ்வொரு நூலுக்கும் உரியவர் ஒருவர் உண்டு. அவர் இன்னும் வந்து சேரவில்லையெனின், நூற்பட்டியில் பிழை இருக்கலாம். நூல் தவறான அடுக்கில் மறைந்திருக்கலாம். மாணவர்க்கு அதனைச் சுட்டிக்காட்டுவார் இல்லாதிருக்கலாம். ஆகவே அச்சிறிய எண் நூலின்மீது கூறிய தீர்ப்பு அன்று; நூலகரை நோக்கி எழுப்பிய வினா ஆகும். அளவைக் குற்றம் சாட்டும் கருவியாகக் கொள்ளாது, கடமையை நினைவூட்டும் கருவியாகக் கொள்வதே ஐந்து விதிகளோடு பொருந்தும் நெறியாகும்.

பெங்களூரில் ஆற்றிய பணி

தில்லியிலும், பின்னர்ச் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரிலும் வாழ்ந்த அரங்கநாதன், 1957 ஆம் ஆண்டில் பெங்களூரைத் தம் உறைவிடமாகக் கொண்டார். அவ்வாண்டிலேயே இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. வாழ்நாளெல்லாம் சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த ஓரிலட்சம் உரூபாயை, நூலக இயலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்துமாறு சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அவர் நன்கொடையாக அளித்தார். அப்பதவி அவர் பெயரால் மட்டும் அமையவில்லை. அவர்தம் துணைவியார் சாரதை அம்மையாரின் பெயரையும் தாங்கியது.

புள்ளியியல் அறிஞராகிய மகலனோபிசு நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், 1962 ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆவண ஆய்வுப் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கியது. அதனை வழிநடத்தும் பொறுப்பை அரங்கநாதன் ஏற்றார். எண்ணின் இயலும் நூலின் இயலும் ஓரிடத்தில் கூடியமை பொருத்தமே ஆகும். 1965 ஆம் ஆண்டில் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் உயர்நிலை அவரை அடைந்தது. 1969 ஆம் ஆண்டில் அம்மையத்தின் கருத்தரங்கில் நூலக அளவியலை மீண்டும் விரித்துரைத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஆலன் பிரிச்சர்டு என்பார் நூலியல் அளவை என்னும் பொருள்பட வேறொரு பெயரை வழங்கினார். அப்பெயரே உலகெங்கும் பெருவழக்காயிற்று. எனினும் அப்பெயர் எழுதற்கு இருபத்தோராண்டு முன்னரே அதற்கு நெருங்கிய கலையைக் கனவு கண்டவர் அரங்கநாதன் ஆவார்.

ஆராய்ச்சியை அளத்தல்

நூல்களின் பயனை அளக்கும் முயற்சி, ஆராய்ச்சியின் பயனை அளக்கும் முயற்சியாக நாளடைவில் வளர்ந்தது. இதற்கு வித்திட்டதும் கல்லூரி நூலகமே. 1927 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இருவர், சிறிய கல்லூரி ஒன்று எந்த வேதியியல் இதழ்களை வாங்கினால் மிகுந்த பயன் பெறும் என ஆராயப் புகுந்தனர். ஒரு புகழ்பெற்ற இதழின் கட்டுரைகளில் அடிக்குறிப்பாகச் சுட்டப்பெற்ற இதழ்களை எண்ணி, மிகுதியாகச் சுட்டப்பெற்றவற்றை வரிசைப்படுத்தினர். பணம் குறைந்த கல்லூரி தன் பணத்தை நல்வழியில் செலவிடுதற்கு இக்கணக்குத் துணையாயிற்று.

பின்னர் அமெரிக்க நாட்டு யூஜீன் கார்பீல்டு என்பார், எந்தக் கட்டுரையை எவரெவர் எடுத்தாண்டனர் என்பதைத் தொகுத்துக் காட்டும் அறிவியல் மேற்கோள் அடைவை 1960 களில் வெளியிட்டார். ஒரு கருத்து எங்கே பிறந்து எங்கெங்கே பரவியது எனத் தேடுவார்க்கு அது நல்ல வழிகாட்டி. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்துணை முறை எடுத்தாளப்பெறுகின்றன எனக் கணிக்கும் தாக்கக் காரணி என்னும் அளவும் அவர் முயற்சியால் தோன்றியது. 2005 ஆம் ஆண்டில் ஹிர்ஷ் என்னும் இயற்பியல் அறிஞர், தனி ஆராய்ச்சியாளரை அளக்க ஓர் எண்ணை வகுத்தார். ஒருவர் எழுதியவற்றுள் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறையேனும் எடுத்தாளப்பெற்று, அதற்கு மேற்படாதாயின் அவர்தம் எண் பத்து ஆகும்.

அளவின் எல்லை

வழிகாட்டியாகப் பிறந்த அளவு, நாளடைவில் நீதிபதியின் இருக்கையில் ஏறி அமர்ந்தது. பதவியும் பரிசும் எண்ணைக் கொண்டே வழங்கப்பெறும் இடங்களில், ஆராய்ச்சியினும் எண்ணே பெரிதாயிற்று. ஒரு கட்டுரையாக எழுதத்தக்கதைச் சிலர் மூன்றாகப் பிரித்தனர். ஒருவரை ஒருவர் தேவையின்றி எடுத்தாண்டனர். பணம் பெற்று எதனையும் அச்சிடும் போலி இதழ்களும் தோன்றின. இத்தீங்கினை உணர்ந்த அறிஞர்கள் 2012 ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூடி, இதழின் எண்ணைக் கொண்டு தனி மனிதரின் ஆராய்ச்சியை மதிப்பிடுதல் தகாது என அறிவித்தனர்.

இவ்வுண்மைக்குத் தமிழகமே சிறந்த சான்று தருகின்றது. கணிதமேதை இராமானுசனின் வரலாற்றை அரங்கநாதன் ஆங்கிலத்தில் எழுதி 1967 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் 1913 ஆம் ஆண்டில் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்து இராமானுசனைப் போற்றியது. பட்டம் இல்லாத ஓர் எழுத்தருக்கு அவ்வுதவியை வழங்கியோர், அவர் கட்டுரை எத்துணை முறை எடுத்தாளப்பெற்றது என எண்ணிப் பார்த்தாரல்லர். அவர் எழுதியவற்றைக் கற்றறிந்தோர் படித்துப் பார்த்துத் தகுதியைத் தெளிந்தனர்.

அவ்விராமானுசன் தம் வாழ்வின் இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் பல, 1920 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் இங்கிலாந்து சென்று, அறிஞர் கைகளில் பல்லாண்டு கிடந்தன. பின்னர்க் கேம்பிரிட்ஜு நகரின் திரித்துவக் கல்லூரி நூலகத்தை அவை அடைந்தன. அங்கும் எவரும் அவற்றின் அருமையை அறியவில்லை. 1976 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அப்பெட்டியைத் திறந்து பார்த்தபோது, கணித உலகம் வியப்பில் ஆழ்ந்தது. அத்தாள்களினின்றும் பிறந்த ஆராய்ச்சிகள் இன்றும் தொடர்கின்றன. 1975 ஆம் ஆண்டில் அத்தாள்களின் பயனை எண்ணியிருப்பின் கிடைத்திருக்கும் விடை சுழியமே. சுழியம் என்னும் அவ்வெண் பொய்யன்று. ஆனால் அதனைக் கொண்டு அத்தாள்கள் பயனற்றவை எனத் துணிந்திருப்பின் அத்துணிபு பெரும் பொய்யாகியிருக்கும். ஒவ்வொரு நூலுக்கும் உரியவர் ஒருவர் உண்டு என அரங்கநாதன் வகுத்த மூன்றாம் விதி, அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின் இவ்வாறு மெய்யாயிற்று.

முடிவுரை

1972 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27 ஆம் நாள் அரங்கநாதன் பெங்களூரில் இயற்கை எய்தினார். எண்பது ஆண்டு வாழ்ந்த அப்பெருமகனாரின் நினைவாக, ஆகஸ்டுத் திங்கள் 12 ஆம் நாள் இந்தியாவில் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது.

கணிதத்தை விட்டு நூலகத்திற்கு வந்தார் என அவரைப் பற்றிப் பொதுவாகக் கூறுவர். உண்மையில் அவர் கணிதத்தை விட்டாரல்லர். அதனை நூலகத்திற்கு அழைத்து வந்தார். எண்ணாமல் நடத்தும் நூலகம், எவர்க்குப் பயன்படுகின்றது என அறியாமலே நடக்கும். எண்ணை மட்டும் நம்பும் நூலகமோ, நாளை வரவிருக்கும் ஒரு மாணவனை மறந்துவிடும். இவ்விரண்டு குறைகளையும் நீக்கும் வழியை அவருடைய ஐந்து விதிகள் காட்டுகின்றன.

லாஸ்பேட்டை போன்ற இடங்களில் உள்ள கல்லூரிகளில் நூலகர்கள் ஆண்டுதோறும் கணக்கெடுத்து ஏடுகளை நிரப்புகின்றனர். அக்கணக்கு கல்லூரிக்குத் தரச்சான்று பெற்றுத் தருதல் நன்றே. அதனினும் நன்று, எந்த மாணவனுக்கு எந்த நூல் இன்னும் சென்று சேரவில்லை என்பதை அக்கணக்கினின்றும் கண்டறிந்து, அந்நூலை அவன் கையில் சேர்த்தல். கணக்கிடும் கையும் கொடுக்கும் கையும் ஒன்றாதல் வேண்டும் என்பதே சீர்காழி அரங்கநாதனின் வாழ்க்கை உணர்த்தும் உண்மையாகும்.